மான்களுக்குப் பாடம் நடத்திய சங்கம்

மனிதன் மனிதனுக்குக் கல்வி கொடுத்தது பழைய கதை. காட்டு மான்களுக்குக் கல்வி கொடுத்த ஒரே அமைப்பு, எனக்குத் தெரிந்தவரை, எங்கள் வனவிலங்கு நேசர் சங்கம்தான். கட்டணம் வாங்கவில்லை. கட்டடம் கட்டவில்லை. வாரம் ஒரு வகுப்பு, ஞாயிற்றுக்கிழமை. தேறாத மான் அடுத்த வகுப்புக்கு வராது.

தொண்ணூறுகளின் நடுவில் கோயமுத்தூருக்குச் சுற்றுச்சூழல் வந்தது. அதற்கு முன்னால் கேபிள் டி.வி. வந்தது, அதற்கும் முன்னால் சஃபாரி சூட். சுற்றுச்சூழல் வந்த கையோடு, பெரியநாயக்கன்பாளையத்தில் மோட்டார் பம்பு கம்பெனி நடத்திய வேங்கடசாமி சங்கத்தை ஆரம்பித்துத் தலைவரானார். நூல் மில் முதலாளி கிருபாசங்கர் பொருளாளர். நான் பம்பு கம்பெனியில் டைப்பிஸ்ட். மாயவரத்துப் பக்கத்துக்காரன்; ஞாயிற்றுக்கிழமையில் போக வீடு இல்லாதவன். அந்தத் தகுதியில் செயலாளரானேன்.

மலையடிவாரத்து முள்காட்டில் புள்ளிமான்களைப் 'பார்வையிடுவது' சங்கத்தின் பணி. ஜீப்பில் போவோம். உள்ளே பைனாகுலர் ஒன்று, துப்பாக்கி இரண்டு. இரண்டும் பயிர்ப் பாதுகாப்புக்கென்று லைசென்ஸ் வாங்கியவை. ஜீப்பில் பயிர் ஏதும் இல்லை. ஆனாலும் பாதுகாப்பில் அசட்டை கூடாது என்பார் தலைவர். பார்வையிட்டு முடித்ததும் அவருடைய தோட்டத்து வீட்டில் விருந்து. இலை போட்டதும் தலைவர் எழுந்து நின்று அறிவிப்பார்:

"எல்லாருங் கேட்டுக்குங்க. இது வெள்ளாடுங்க."

வெள்ளாட்டை வாராவாரம் ஏன் அறிவிக்க வேண்டும் என்று ஒருவரும் கேட்டதில்லை. சிறப்பு விருந்தினரான ரேஞ்சர் வெள்ளியங்கிரியும் கேட்டதில்லை. அவர் வாய் நிறைய வெள்ளாடு இருக்கும். சைவச் சாப்பாட்டுக்காரனான எனக்கு வெளியே தென்னைமரத்தடியில் தயிர்சாதம்.

மான்களின் படிப்பு முன்னேறிய விதத்தைச் சொல்லியே ஆகவேண்டும். முதலில் வெடிச்சத்தம் கேட்டு ஓடின. அது ஒன்றாம் வகுப்பு, முயல்கூடத் தேறும். பிறகு ஜீப் சத்தத்துக்கே ஓடின. ஜீப்பைத் தார்ரோட்டில் நிறுத்திவிட்டு நடந்தோம்; தலைவர் பூசியிருந்த சென்ட்டுக்கு ஓடின. சென்ட்டைத் தியாகம் செய்தார். பூட்ஸ் சத்தத்துக்கு ஓடின. பூட்ஸையும் கழற்றிப் புதருக்குள் பதுங்கிய பிறகுதான், மான்கள் மேற்படிப்புக்குப் போய்விட்டது தெரிந்தது. புதருக்குள் பேச்சு இப்படிப் போகும்:

"தம்பி, நீங்க மொதல்ல பாருங்க," என்று தலைவர் துப்பாக்கியை நீட்டுவார்.

"அட, நல்லாருக்குதுங்களேண்ணா! பெரியவங்க நீங்க இருக்கறப்ப நானுங்களா? நீங்க பாருங்க," என்பார் கிருபாசங்கர்.

"போன வாரம் நான் பாத்தனுங்களே. இன்னிக்கு உங்குளுதுதான்."

"உங்க கைராசி எனக்கு வருங்களா? சும்மா பாருங்கண்ணா."

"அட, புடிங்க தம்பி. கை நோவுதுங்க."

கொங்கு நாட்டுக் கல்யாணத்தில் முதல் பந்தியில் ஒருவரை உட்காரவைப்பதற்குள் சாதம் ஆறிவிடும். 'நீங்க உக்காருங்க', 'நீங்க உக்காருங்க' என்று இரண்டு பெரிய மனிதர்கள் இலைக்கு முன்னால் நிற்பார்கள். அதே பண்பாடு புதருக்குள்ளும் தவறவில்லை. உபசாரம் முடிவதற்குள் மான்கள் பாலமலையில் பாதி ஏறியிருக்கும். படிப்பில் மந்தமான ஒன்றுதான் பின்தங்கி மாட்டும். நாளாவட்டத்தில் தலைவர் 'தம்பி' என்று ஆரம்பித்தாலே அவற்றின் காது விறைத்தது.

அனுபவத்தை வீணாக்குபவரல்ல தலைவர். பள்ளிக்கூட மைதானத்தில் விழிப்புணர்வு முகாம் நடத்தி, 'வேட்டைக்காரனை மான் எப்படி அறிகிறது?' என்று மைக்கில் பேசினார்.

"ஆடோ மானோ, தன்ற இனத்தைக் கொன்னவனை எந்தச் சீவனும் மறக்காதுங்க. ஆளைக் கண்டதும் ஓட்டம் புடிச்சுருமுங்க. சயின்ஸுங்க இது!"

பலத்த கைதட்டல். இவருக்கு இவ்வளவு விஷயம் எப்படித் தெரியும் என்று முன்வரிசையில் ஒரு வாத்தியார் வியந்தார். பள்ளிக்கூடக் கிணற்றுக்குத் தலைவர் பம்பு செட் நன்கொடை கொடுத்திருந்ததால் வியப்போடு நிறுத்திக்கொண்டார்.

அடுத்த மாதம் குண்டடிபட்ட மான் ஒன்று ஓடிப்போய் அங்கப்பனின் ஆட்டுப்பட்டிக்கு அருகில் விழுந்து செத்தது. அங்கப்பன் ஆடு மேய்ப்பவர். ஆடுகள் மேயும், அவர் தூங்குவார். செய்தி கேட்டுத் தலைவர் பதறிப்போய், அங்கப்பன் மானைச் சுட்டுவிட்டார் என்று புகார் கொடுத்தார். ரேஞ்சர் அங்கப்பனைப் பிடித்தார். அங்கப்பனிடம் துப்பாக்கி இல்லை. ஆகவே துப்பாக்கியை ஒளித்துவைத்த குற்றமும் சேர்ந்துகொண்டது. மறுநாள் கோர்ட்டு. அங்கிருந்து நேராக ஜெயில் என்று பேசிக்கொண்டார்கள்.

அங்கப்பனின் மனைவி சின்னாத்தாள், விட்டுவர ஆளில்லாமல் ஆடுகளையும் ஓட்டிக்கொண்டு ரேஞ்சர் ஆபீசுக்கே வந்துவிட்டாள். பின்னால் ஊரும் வந்தது.

"ஏனுங்க சார், என்ற ஊட்டுக்காரரு கொசு கடிச்சாலே எந்திரிக்க மாட்டாருங்க. அவரு போயி மானைச் சுட்டாருங்களா?"

"சட்டம்னு ஒண்ணு இருக்குதல்ல அம்மணி?" என்றார் ரேஞ்சர்.

"சட்டங் கெடக்குதுங்க. சுட்டவனைக் கண்டா மான் நிக்காதுன்னு தலைவரு மைக்குல சொன்னாரல்லங்க? இவரைக் கூட்டிட்டுப் போயி மானுக்கு முன்னால நிறுத்துங்க. ஓடுச்சுன்னா உள்ள போட்டுருங்க. நானே சோறு கட்டிக் கொண்டாறனுங்க."

தலைவர் பக்கத்தில்தான் இருந்தார். ஊர் முழுக்க அவர் முகத்தைப் பார்த்தது. தன் சயின்ஸைத் தானே மறுக்க முடியுமா?

"நடத்திப் பாத்துரலாமுங்க," என்றார்.

இப்படியாக, சாட்சிகள் நாலு காலில் நிற்கும் 'அடையாள அணிவகுப்பு' ஒன்று அன்று சாயங்காலமே நடைபெற்றது. ஓடைப் பக்கம் மான்கள் மேய்ந்துகொண்டிருந்தன. ஊர் வேலியோரம் நின்றது. அங்கப்பன் கம்பளியைப் போர்த்திக்கொண்டு ஆடுகளோடு நடந்து போனார். மான்கள் தலையைத் தூக்கின. பார்த்தன. மறுபடி மேய்ந்தன. அங்கப்பன் கொஞ்ச நேரம் நின்றார்; பிறகு கம்பளியைக் கழற்றிவைத்துவிட்டு வழக்கப்படி படுத்துவிட்டார். குறட்டை வேலிவரை கேட்டது. ஒரு மான்குட்டி அவருடைய தலைமாட்டில் வந்து புல்லைக் கடித்தது.

"பாத்துக்குங்க சார்," என்றாள் சின்னாத்தாள்.

"இது மோசடிங்க!" என்றார் தலைவர். "ஆட்டு வாசத்துல மான் ஏமாந்துபோச்சுங்க. அந்தக் கம்பளியைப் போத்துனா நான் போனாலும் நிக்குமுங்க."

"அப்படீன்னா போயிட்டு வாங்க," என்றாள் சின்னாத்தாள்.

ஊர் சிரித்தது. தலைவருக்கு வேறு வழியில்லை. தனியாகப் போவது மரியாதையல்ல என்று பொருளாளரையும் அழைத்துக்கொண்டார். ஆளுக்கொரு கம்பளி, கையில் தொரட்டி, வெறுங்கால்.

"அண்ணா, முள்ளுங்க."

"மூச்சு உடாதீங்க தம்பி."

ஆடுகளோடு ஆடுகளாகப் போனார்கள். மான்கள் தலையைத் தூக்கின. பார்த்தன. மறுபடி மேய்ந்தன.

சின்னாத்தாள் வேலிமேல் எட்டிப் பார்த்தாள். மான்கள் நின்றுவிட்டால் சோதனை செல்லாது, புருஷனுக்குக் கோர்ட்டுதான். ரேஞ்சர் கைவிலங்கைக் கையில் எடுத்துவிட்டார். இன்னும் கொஞ்சம் நடந்தார்கள். கொம்புள்ள பெரிய மான் ஒன்று தலைவருக்குக் கையெட்டும் தூரத்தில் நின்றது. சங்க வரலாற்றில் இவ்வளவு கிட்டத்தில் உயிருள்ள மானை அவர் கண்டதில்லை. பழக்கம் முந்திக்கொண்டது. குரலைத் தாழ்த்தினார். ஆனால் காற்று எங்கள் பக்கம் அடித்தது.

"தம்பி, நீங்க மொதல்ல..."

"அட, நீங்க இருக்கறப்ப நானுங்களாண்ணா?"

அவ்வளவுதான். ஓடைப் பக்கமே எழுந்து ஓடியது. கண் இமைப்பதற்குள் புழுதி மட்டும் இருந்தது. அங்கப்பன் தூக்கத்தில் ஒருமுறை புரண்டு படுத்தார்.

தலைவர் காலில் முள்ளைப் பிடுங்கிக்கொண்டே திரும்பி வந்தார். ரேஞ்சர் மெதுவாகக் கேட்டார்.

"ஏனுங்க தலைவரே, 'நீங்க மொதல்ல'ன்னீங்களே, என்னத்தைங்க?"

"நடங்கன்னு சொன்னனுங்க. முள்ளுப் பாதையல்லங்க?"

ரேஞ்சர் கைவிலங்கைப் பாக்கெட்டில் போட்டார். மான் சாவுக்குக் காரணம் 'அடையாளம் தெரியாத நபர்கள்' என்று அங்கேயே முடிவானது. அடையாளம் தெரியாத நபர்கள் இருவரும் அதை வரவேற்றார்கள். சின்னாத்தாள் போய்ப் புருஷனை உலுக்கினாள்.

"எந்திரிங்க, ஊட்டுக்குப் போலாம்."

"கோர்ட்டு முடிஞ்சுதா?" என்றார் அங்கப்பன் கண்ணைத் திறக்காமல்.

"முடிஞ்சுதுங்க. சாச்சியெல்லாம் ஓடிப்போச்சு."

ஆடுகளைத் திருப்ப அவள் பட்ட பாட்டைத்தான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். மான்கள் ஓடினவே தவிர, வெள்ளாடுகளில் ஒன்றுகூட நகரவில்லை. தலைவரைத் தேடி வந்து சூழ்ந்து நின்றன. ஒன்று அவர் போர்த்தியிருந்த கம்பளியின் நுனியை நிதானமாக மென்றது. இன்னொன்று அவர் கையை நக்கியது. அவர் விரட்டினார்; போகவில்லை. ரேஞ்சர் அந்த ஆடுகளை ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு தன் வயிற்றைத் தடவிக்கொண்டார்.

அந்த வருடத்து ஆண்டறிக்கையை நான்தான் டைப் அடித்தேன். தலைவர் மகிழ்ந்து கையெழுத்துப் போட்ட அந்த அறிக்கை இப்படி முடிகிறது: 'நமது தலைவரின் அயராத உழைப்பால் இவ்வட்டார மான்கள் அனைத்தும் முழுக் கல்வி பெற்றுவிட்டன. இத்தனை ஞாயிற்றுக்கிழமை விருந்துகளுக்குப் பிறகும், தலைவரிடம் கற்றுக்கொள்ள ஒன்றுமே இல்லாத விலங்கு வெள்ளாடு மட்டும்தான்.'