மந்தைவெளியிலிருந்து நகோயாவுக்கு வழி

ஜப்பானில் இருக்கும் நகோயா ரயில் நிலையத்தில் கண்ணைக் கட்டி விட்டாலும் வழி தப்பாமல் வெளியே வரக்கூடிய ஒரே தமிழர், மந்தைவெளியில் எங்கள் ஃப்ளாட்டின் இரண்டாவது மாடியில் இருக்கிறார். இதில் ஒரு சின்ன சிக்கல். அவர் நகோயாவுக்குப் போனதே கிடையாது. பெங்களூரைத் தாண்டியதாகக்கூடத் தகவல் இல்லை.

தெரு முழுக்க அவருக்கு நகோயா மாமா என்றுதான் பெயர். சொந்தப் பெயர் ரேஷன் கார்டில் இருக்கலாம். காலையில் காபி குடித்ததும் கம்ப்யூட்டரைத் திறந்து, யாரோ ஒரு புண்ணியவான் அந்த ஸ்டேஷனில் நடந்துகொண்டே எடுத்த வீடியோவைப் போடுவார். ஒரு மணி நேரம் இவரும் கூடவே நடப்பார், நாற்காலியில் உட்கார்ந்தபடி. புல்லட் ரயிலுக்கு எந்தப் பக்கம், சுரங்க ரயிலின் மஞ்சள் லைன் எங்கே, ஏர்போர்ட் ரயில் எங்கே வந்து நிற்கும், பஸ்ஸுக்கு எந்த வாசல், எல்லாம் அத்துப்படி. ஃப்ரிட்ஜ் கதவில் மேப் வேறு.

எங்கள் ஃப்ளாட்டில் யார் வீட்டுப் பிள்ளை ஜப்பான் கிளம்பினாலும் மாமாவிடம் மாட்டாமல் போக முடியாது. டோக்கியோவுக்குப் புறப்பட்ட ஒருவனை லிஃப்ட் வாசலிலேயே மடக்கினார். கிழக்கு வாசலில் தங்கக் கடிகாரம், மேற்கு வாசலில் வெள்ளிக் கடிகாரம், இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது என்று அரை மணி நேரம் பாடம்.

"மாமா, நான் டோக்கியோ போறேன். நகோயால எனக்கென்ன வேலை?"

"அவசரம்னா மனுஷன் எங்க வேணா எறங்கும்படி ஆகும். தெரிஞ்சு வெச்சுக்கோ."

சொந்த ஊரில் கதை வேறு. மேற்கு மாம்பலத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போனவர், எப்படியோ ஸ்டேஷன் பாலத்தில் ஏறித் தி. நகர் பக்கம் இறங்கிவிட்டு எனக்குப் போன் போட்டார். "எங்க பாத்தாலும் புடவைக் கடையா இருக்குடா. மண்டபத்தைக் காணோம்." ரங்கநாதன் தெருவிலிருந்து அவரை மீட்டு வர எங்கள் தெருமுனை ஆட்டோ பாயைத்தான் அனுப்பினேன். கொண்டுவந்து இறக்கிய பாய் என்னைத் தனியாகக் கூப்பிட்டுப் புலம்பினார்.

"இன்னா சார் இது, மாம்பலத்துக்கு ரெண்டு பக்கம் கீதுன்னு தெர்ல. வர்ற வழியெல்லாம் ஜப்பானுக்கு ரூட்டு சொல்லிக்கினு வர்றாரு."

இந்தப் பித்துக்குக் காரணம் எங்கள் எல்லோருக்கும் தெரியும். மாமாவின் ஒரே மகள் சௌம்யா நகோயாவில் வேலை பார்க்கிறாள். ஆறு வருஷமாக அந்த ஸ்டேஷன் வழியாகத்தான் ஆபீஸ் போய் வருகிறாள். நாலு வருஷத்துக்கு முன்னால், கூட வேலை பார்க்கும் வங்காளிப் பையனைக் கல்யாணம் செய்துகொள்ளப்போவதாகச் சொன்னாள். "இனிமே உன்னோட பேச்சே கிடையாது" என்று மாமா போனை வைத்தார். வைத்தவர் வைத்தவர்தான். மறுநாள் காலையில் ஸ்டேஷன் வீடியோ ஆரம்பமாகிவிட்டது.

மாமி மகளோடு பேசும்போது மாமா டி.வி. சத்தத்தைக் குறைப்பார். கோபக்காரன் எவனாவது சத்தத்தைக் குறைப்பானா? கேள்வியெல்லாம் மாமி வழியாகத்தான் போகும். "உன் பொண்ணு இன்னும் மேற்கு வாசல் வழியாவே சுத்திண்டு போறாளா கேளு." பதில் வருவதற்குள் "எனக்கென்ன வந்தது" என்று எழுந்து போய்விடுவார்.

இந்த வருஷ ஆரம்பத்தில் சௌம்யா உண்டாகியிருக்கும் செய்தி வந்தது. பிரசவத்துக்குப் போக மாமி இரண்டு டிக்கெட் என்றார். மாமா ஒன்று போதும் என்றார்.

"நீங்க உங்க வைராக்கியத்தைக் கட்டிண்டு ஆத்துலயே இருங்கோ. நான் வழி தெரியாம அந்த ஊர்ல நின்னுண்டிருக்கேன்."

"நீ ஏன் நிக்கறே? நான் இங்கேருந்து சொல்றேன். உன் பொண்ணை ஏர்போர்ட்டுக்கு வரச் சொல்லாதே. எட்டு மாசத்துல அவ்வளவு தூரம் அலையக் கூடாது. தங்கக் கடிகாரத்துக்கு வந்தாப் போறும்."

மாப்பிள்ளையும் அன்றைக்கு வெளியூரில். ஆக, வாழ்க்கையில் முதல் தடவை விமானம் ஏறிய மாமி, ஏர்போர்ட்டிலிருந்து தன்னந்தனியாக ரயில் பிடித்து நகோயாவில் இறங்கினார். வீடியோ கால் அறுந்துபோனால் ஒட்டவைக்க மாமா என்னைப் பக்கத்தில் உட்காரவைத்திருந்தார். நமக்குப் பகல் இரண்டு மணி, அங்கே ஆபீஸ் விடும் நேரம். மாமாவின் சாப்பாடு தட்டில் ஆறிப்போய்க் கிடந்தது.

"ஏன்னா, மாடி உயரத்துக்கு ஒரு வெள்ளைப் பொம்மை நிக்கறதே."

"அவளேதான். மாசா மாசம் கடைக்காரா டிரெஸ் மாத்துவா, இப்ப என்ன போட்டிருக்கா? சரி, அப்புறம் சொல்லு. அவளைத் தாண்டி நேரே போ. பொட்டியைக் கெட்டியாப் பிடிச்சுக்கோ."

"ஒரே கூட்டம். கடிகாரத்தைக் காணோமே."

மாமாவுக்கு வியர்த்துவிட்டது. "மேல பாரு. ஜனத்தைப் பாக்காதே, மேல பாரு."

"இருக்கு, இருக்கு. இதோ சௌம்யாவும் இருக்கா."

திரை ஆடியது. அழுகைச் சத்தம் கேட்டது. பிறகு மாமி, "இந்தா, உங்கப்பா" என்று போனை மகள் கையில் திணித்துவிட்டார். சௌம்யாவின் முகம் திரை முழுக்க வந்தது. மாமா திரையைப் பார்த்தார், ஃப்ரிட்ஜைப் பார்த்தார், மறுபடி திரையைப் பார்த்தார்.

"படியில எறங்காதே. மஞ்சள் லைனுக்கு லிஃப்ட் இருக்கு."

நாலு வருஷம் கழித்து மகளிடம் பேசிய முதல் பேச்சு இது. தினமும் இரண்டு தடவை அதே மஞ்சள் லைனில் போய் வருகிறவளிடம். சிரித்துவிடப்போகிறாளே என்று எனக்குப் பதைப்பாக இருந்தது. அவள் புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"எந்தப் பக்கம்ப்பா? எனக்குத் தெரியலையே."

மாமா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். அவர் திரும்பச் சொன்ன இடத்தில் திரும்பினாள், நிற்கச் சொன்ன இடத்தில் நின்றாள். ஒவ்வொரு முனையிலும், "இப்போப்பா?" என்று கேட்டாள். லிஃப்டில் இறங்கி, இருவரும் ரயிலில் ஏறி, உட்கார இடம் கிடைத்ததைப் பார்த்த பிறகுதான் மாமா போனை வைத்தார்.

தட்டைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டார்.

"பாவம்டா" என்றார். "வழி தெரியாம ஆறு வருஷமா அந்த ஸ்டேஷன்ல எப்படித்தான் அலைஞ்சாளோ."

நான் எழுந்து போய், அவருக்கு ரசத்தைச் சூடு பண்ணிக் கொண்டுவந்து வைத்தேன்.