நகல் எடுத்தால் பலிக்காது

சலவைக்கடை மாடியில் ஒரு மகான் எழுந்தருளியிருக்கிறார் என்று ஊரே பேசியது. நோய் தீர்க்கும் மகான் அல்லர், வரம் தருகிறவரும் அல்லர். காலத்துக்கேற்ற மகான். ஆண்ட்ராய்டு போனை ரூட் செய்து தருவார். கம்பெனிக்காரன் ஒவ்வொரு போனுக்குள்ளும் கட்டுப் போட்டு அனுப்புகிறானாம், இவர் அதை அவிழ்த்துவிட்டால் கிழட்டுப் போனும் பறக்குமாம். ரூட் என்றால் வேர்தானே, பெயரும் வேர்ச் சித்தர்.

விதிமுறைகள் சுலபம். போனை அணைத்து, கறுப்புத் துணிப்பையில் கட்டித் தரவேண்டும். பையை நெற்றியில் ஒற்றியே எத்தனை கட்டு என்று சொல்லிவிடுவார். கடவுச்சொல்லை மட்டும் தாளில் எழுதித் தரவேண்டும். ஞானதிருஷ்டி அதுவரை எட்டாது போலும். எல்லாவற்றுக்கும் மேலாக, போனில் உள்ளதை நகல் எடுக்கவே கூடாது. எடுத்தால் சந்தேகம், சந்தேகப்பட்டால் பலிக்காது.

படிக்கட்டு வரிசையில் தையற்காரி நின்றாள். இருநூற்று நாற்பது பள்ளிப் பிள்ளைகளின் சீருடை அளவுகள் அவள் போனுக்குள் இருந்தன. பள்ளி திறக்கப் பத்து நாள். அந்தப் போனோ, ஒரு அளவைக் காட்டுவதற்குள் ஒரு சட்டையே தைத்துவிடலாம் என்கிற வேகத்தில் ஓடியது. அவளுக்குப் பின்னால் நாத்தனார். மொபைல் பழுதுபார்க்கும் கடையில் வேலை. அவள் வந்தது பக்தியால் அல்ல.

"அண்ணி, அளவையெல்லாம் வேற எங்கயாவது ஏத்தி வெச்சீங்களா?"

"கூடாதாம். பலிக்காதாம்."

"கம்பெனி போட்ட பூட்டைத் திறந்தாலே உள்ள இருக்கறது அத்தனையும் அழிஞ்சிடும் அண்ணி. ஒழுங்கா ரூட் பண்றவங்க முதல்ல செய்யறதே நகல் எடுக்கறதுதான்."

"நீ எதுலதான் குத்தம் கண்டுபிடிக்கல? என் கல்யாணத்தன்னைக்கே என் தையலைக் குறை சொன்னவதானே!"

நாத்தனார் தன் கைப்பையைத் திறந்து ஒரு கறுப்புத் துணிப்பையை வெளியே எடுத்தாள். அவள் சண்டை போடாமல் விட்டது அபூர்வம், கொஞ்சம் ஆபத்தும்கூட.

மேலிருந்து முடிதிருத்துபவர் துள்ளிக்கொண்டு இறங்கினார். "பறக்குதுங்க!" என்றார். இரண்டு படி தாண்டியதும் நின்றார். "ஆமா, என் பொண்ணு போட்டோவெல்லாம் எங்க?"

"பழசெல்லாம் கழிஞ்சாத்தானே புதுப் பிறவி?" என்றான் வாசலில் நின்ற சீடன்.

"அதுவும் சரிதான்" என்றார் அவர், எதற்கும் இன்னொரு முறை தேடிக்கொண்டே.

இவர்கள் முறை வந்தது. தையற்காரியின் பையை நெற்றியில் ஒற்றிய சித்தர், "அஞ்சு கட்டு" என்று தட்டில் வைத்தார். நாத்தனாரும் தன் பையை நீட்டினாள். சித்தர் கண்ணை மூடினார், உடம்பு குலுங்கியது.

"அடேயப்பா, ஒன்பது கட்டு! மூச்சு முட்டித் தவிக்குது தாயே."

"உள்ள என்ன தெரியுது சாமி?"

"ஆயிரக்கணக்குல படம். பாரம் தாங்காம அழுவுது."

நாத்தனார் பையை அவிழ்த்தாள். போனின் முதுகை நகத்தால் நெம்பினாள். உள்ளிருந்து ஒரு இரும்புத் துண்டு 'டங்' என்று விழுந்தது. வேறொன்றும் இல்லை.

"எங்க கடைக் கண்ணாடி அலமாரியில காட்சிக்கு வைக்கிற பொம்மை போன் சாமி. எது அழுதுச்சு?"

"பொம்மைக்கும் ஆத்மா உண்டு" என்றார் சித்தர். இரண்டு பேர் தலையாட்டவும் செய்தார்கள்!

"அப்ப நிஜ போனையே பாத்துடுவோம்." முடிதிருத்துபவரை மேலே அழைத்தாள். ரூட் ஆகியிருக்கிறதா என்று சொல்லும் ஆப் ஒன்றை அவர் போனில் இறக்கி ஓடவிட்டாள். ஆகவில்லை என்று காட்டியது. "இவர் எந்தக் கட்டையும் அவுக்கல. உள்ள இருந்ததை மொத்தமா அழிச்சிருக்கார். சாமானையெல்லாம் தெருவுல கொட்டினா வீடு விசாலமாத்தான் தெரியும்!"

முடிதிருத்துபவர் அங்கேயே உட்கார்ந்துவிட்டார். அவருக்கு அழுகை வந்தது. தையற்காரி பாய்ந்து தட்டிலிருந்த தன் பையைப் பிடுங்கினாள். போனை எடுத்து இயக்கினாள். திறந்து பார்த்தாள், இருநூற்று நாற்பதும் பத்திரம். இதற்குள் சித்தர் திரைக்குப் பின்னால் தியானத்துக்குப் போனார். பின்பக்கம் ஒரு படிக்கட்டு உண்டு என்பது அவருக்கு மட்டுமே தெரிந்த ஞானம்.

கூட்டம் சும்மா இருக்குமா? நாத்தனாரைச் சூழ்ந்துகொண்டது.

"தாயே, நீங்களே உங்க கையால ரூட் பண்ணிக் குடுங்க!"

"மாடல் நம்பரைப் பாக்கணும். அதுக்குன்னே உள்ள ஃபைலைத்தான் போடணும், மாத்திப் போட்டா போன் உயிர் போய் வெறும் செங்கல்லாயிடும். நகல் எடுக்கணும், சார்ஜ் நிறைய இருக்கணும். வாரன்டி போகலாம், பேங்க் ஆப் ஓடாம போகலாம். உங்கள்ல பாதிப் பேருக்கு ரூட்டே வேண்டாம், வேண்டாத ஆப்பை எடுத்தாலே போதும்."

"அதெல்லாம் இருக்கட்டும் தாயே" என்று ஒருவர் கறுப்புப் பையை அவள் நெற்றிக்கு நேராக நீட்டினார். "எத்தனை கட்டுன்னு மட்டும் சொல்லிடுங்க!"

தையற்காரிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. சற்றுமுன் வரை தானும் இதே வரிசையில் நின்ற வெட்கம் வேறு.

"போன்ல சார்ஜ் இறங்கினா அலறி அடிச்சுக்கிட்டு ஓடுறோம். மூளையை அணைச்சு எவன் கையிலயோ குடுத்தோமே, அதுக்கு நம்மள்ல ஒருத்தராவது பதறினோமா?"