பெரட்டுக்களத்துப் பூரணி

சிலை இல்லாத ஊர் முகம் இல்லாத உடல்! மக்களை ஒன்றுசேர்ப்பது எது? உணவா? உடையா? ஒழுகாத கூரையா? அல்ல, அல்லவே அல்ல! நிமிர்ந்து நிற்கும் நினைவுச்சின்னமே கூட்டத்தைக் குடிமக்களாக்குகிறது. இந்த மாபெரும் உண்மையை, இலங்கை மலையகத்தில் அட்டனுக்கு ஆறு மைல் மேலே, வெள்ளிமலைத் தேயிலைத் தோட்டத்தில், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தாறாம் ஆண்டில் கண்டறிந்து உலகுக்கு அளித்தவர் பெரிய கிளாக்கர் தம்பிராசா.

யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, தோட்டத்து ஆபீசின் ஏடுகளை இருபது ஆண்டுகள் கட்டிக் காத்த அப்பெருமகன் "சிலைக் குழு" ஒன்றை நிறுவினார். பதினொரு கூட்டங்கள் நடத்தினார். பதினோராவது கூட்டத்தில், சிலை யாருடையது என்னும் சில்லறைக் கேள்வியும் தீர்ந்தது. கொழுந்து பறிக்கும் பெண்! சிற்பியின் முன் கூடை மாட்டிப் பதினைந்து நாள் அசையாமல் நிற்கும் பேறு பூரணிக்கு வாய்த்தது. அவள் பிறந்தது தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்களுள் ஐந்தாம் நம்பர் லயத்தில். வாழ்வதும் அதே லயத்தில்.

விடியற்காலையில் தொழிலாளர் கூடிப் பேர் கொடுக்கும் பெரட்டுக்களத்தின் ஓரத்தில் சிமெந்துப் பூரணி எழுந்தாள். அதே மூக்கு, அதே கூடை. மழை பட்டால் "சமூக ஒற்றுமை" கரைந்துவிடும் என்று குழு அஞ்சியதால், ஐந்தாம் நம்பர் லயத்துக்கென வந்திருந்த தகரம் சிலைக்குக் கூரையாயிற்று. லயத்துப் பூரணி ஒழுகலுக்கு அடியில் சட்டியை வைத்துக்கொண்டாள். தியாகம் இன்றிச் சின்னம் உண்டா?

திறப்பு விழா முடிந்ததும் அவள் கிளாக்கரிடம் ஒரு தாளை நீட்டினாள்.

"ஐயா, பிரஜாவுரிமை விசாரணைக்கு வரச் சொல்லியிருக்காங்க. வார திங்கக்கெழம, நுவரெலியாவுல. நான் இந்தத் தோட்டத்த விட்டு எங்கயும் போனதில்லன்னு ஒரு கடுதாசி குடுங்கய்யா. உரிமை கெடைக்கலன்னா என்னையும் புள்ளைகளையும் இந்தியாவுக்குக் கப்பலேத்திருவாங்களாம்."

"என்ன பிள்ளை, கடிதமோ கேக்கிறாய்? உன்ர உருவத்தையே இந்த மண்ணில நட்டு வைச்சிருக்கிறம். இதைவிட வேற சாட்சி வேணுமோ?"

"செல பஸ் ஏறி வந்து சாட்சி சொல்லுமாங்கய்யா?"

"விசர்க்கதை கதையாதை. போட்டு வா!"

ஜூலை ஒன்பதாம் தேதி பூரணி கடிதம் இல்லாமலே முதல் பஸ் ஏறினாள். விசாரணை அதிகாரி அவளை ஏற இறங்கப் பார்த்து, "தோட்டத்தில் தினமும் பேர் பதியும் செக்ரோலைக் கொண்டு வரட்டும்" என்று இரண்டு வாரம் தவணை கொடுத்தார்.

அதே காலையில், அதே வேளையில், பெரட்டுக்களத்தில் தன் கையே தனக்குத் தெரியாத பனிமூட்டம். கங்காணி மூக்கன் பேர் எடுத்தார்.

"பூரணி!"

 பனிக்குள் ஒரு கூடை மட்டும் மங்கலாகத் தெரிந்தது.

"அந்தா நிக்கிறவ பூரணிதானே? வாயத் தொறந்தா முத்து உதுந்துருமோ? செல வச்சதுலேருந்து இவளுக்குத் திமிரு ஏறிப்போச்சு!"

பக்கத்தில் நின்ற மீனம்மாவுக்குச் சிரிப்பு முட்டியது. பூரணிக்கு ஒருநாள் பேர் விழுந்து கூலி சேரட்டுமே என்று முந்தானையைக் கடித்துக்கொண்டாள். மூக்கன் செக்ரோலில் "வந்தாள்" என்று குறித்து நகர்ந்தார்.

இரண்டாம் விசாரணைக்குத் தம்பிராசாவே எழுந்தருளினார், செக்ரோலைப் பச்சைக் குழந்தைபோல் ஏந்தியபடி. அதிகாரி ஏட்டைப் புரட்டினார். ஓரிடத்தில் விரல் நின்றது. அவர் ஆங்கிலத்தில் கேட்டதை மொழிபெயர்ப்பாளர் தமிழாக்கினார்.

"ஜூலை ஒன்பதாம் தேதி பூரணி தோட்டத்தில் வேலைக்கு வந்திருக்கிறாள். அதே தேதியில் இங்கே என் முன்னால் நின்றவள் யார்?"

"நாந்தாங்க!"

"அப்படியானால் தோட்டத்தில் நின்றவள்?"

"அது செலைங்க!"

இதை மொழிபெயர்க்க மொழிபெயர்ப்பாளர் மறுத்துவிட்டார். அவருக்கும் உத்தியோகம் முக்கியம்.

பூரணி கிளாக்கர் பக்கம் திரும்பினாள். "ஐயா, கங்காணி பனியில தெரியாமப் போட்டுட்டாருன்னு ஒரு வார்த்த சொல்லுங்கய்யா. ஒங்க ஏட்டுல ஒரு கோடுதானுங்க; எனக்கு நாடுங்கய்யா!"

தம்பிராசா பூரணியைப் பார்த்தார், ஏட்டைப் பார்த்தார். பிறகு ஏட்டை மட்டுமே பார்த்தார்.

"இருபது வருசமா என்ர ஏட்டில ஒரு பிழையும் இல்லை, சேர்."

தீர்ப்பு எழுதப்பட்டது: "பூரணி என்பவள் வெள்ளிமலைத் தோட்டத்தை விட்டு ஒருநாளும் அகலவில்லை என்பது ஐயமற நிரூபிக்கப்பட்டுள்ளது. ஆனால் மனுச் செய்தவள் அந்தப் பூரணி அல்லள். மனு தள்ளுபடி."

மறுநாள் விடியலில் பூரணி பெரட்டுக்களத்துக்கு வந்தாள். நேரே சிலையிடம் சென்றாள். தன் கூடையைக் கழற்றிச் சிமெந்துக் கழுத்தில் மாட்டினாள்.

"ஏய்! கூடைய ஏன் அங்க மாட்டுற? மலைக்குப் போ!" என்று பாய்ந்தார் மூக்கன்.

"நான் யாரோவாம், கங்காணி. இந்தத் தோட்டத்துப் பூரணி அவதான்னு சர்க்காரே எழுதிக் குடுத்துருச்சு. அவளப் போயி கொழுந்தெடுக்கச் சொல்லுங்க!"

சிலை வாழ்க! இம்மலையில் குடியுரிமை பெறும் தகுதிகளை அதுவே நமக்குக் கற்பித்தது: பசி என்று கேட்கக் கூடாது, அநீதி என்று பேசக் கூடாது. இந்த இரண்டையும் மூன்று தலைமுறையாகப் பழகியும் எங்கள் மக்கள் இன்னும் தேறவில்லை. காரணம், அவர்கள் மூச்சு விடுகிறார்கள்.