சொந்தக் கம்பம்

"உய்ங்னு ஒரு சத்தம் வருதே, கேக்குதா இல்லையா?" ஸ்பீக்கரில் காதை ஒட்டவைத்துக்கொண்டு கேட்டார் குராமோச்சி.

"எனக்குக் கேக்கறது ஃப்ரிட்ஜ் சத்தம்தாங்க," என்றாள் மனைவி மிசாயோ.

சொல்லியிருக்கவே கூடாது. மனுஷன் நேரே சமையலறைக்குப் போய் ஃப்ரிட்ஜின் வயரைப் பிடுங்கிவிட்டார்.

"உள்ள மீன் இருக்கு. விருந்தாளிங்களுக்கு வாங்கினது."

"மீனா முக்கியம்? கரண்ட்டை அழுக்காக்கறதே இந்தப் பொட்டிதான்."

கரண்ட்டில் அழுக்கு இருக்கிறது என்று நம்புகிற ஜாதி அது. தகாசாகி ஊரில் அப்படி ஆறு பேர் சேர்ந்து ஒரு வட்டமே வைத்திருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை ஒருவர் வீட்டில் கூடி, கண்ணை மூடி சி.டி. கேட்டு, தலையாட்டிவிட்டுச் சாப்பிட்டுப் போவார்கள். இன்றைக்கு முறை குராமோச்சியுடையது.

அவர் புதிதாக வாங்கிய சி.டி. பிளேயர் முப்பது கிலோ. சி.டி. தட்டில் இருப்பதென்னவோ வெறும் எண்கள். அதைப் படிக்க ஒரு பெட்டி, படித்ததைப் பாட்டாக்க ஒரு பெட்டி, இரண்டும் தாளம் தப்பாமல் இருக்கக் கடிகாரப் பெட்டி ஒன்று. அதிராமல் இருக்க அடியில் கருங்கல் பலகை. கரண்ட் சுத்தமாக வரவேண்டுமென்று வாசலில் சொந்தமாக ஒரு மின்கம்பம் வேறு. பெட்டிகளின் முகப்பில் குட்டி விளக்கு எரிந்தால் ஓசை கெடுமாம், அதனால் அந்த விளக்குகளின் மேலெல்லாம் கறுப்பு டேப். பிளாஸ்டிக் தட்டு ஆகாதென்று தன்னிடமிருந்த துறைமுகப் பாட்டையே கண்ணாடித் தட்டில் மறுபடி வாங்கினார். பழைய தட்டு சமையலறைக்குப் போனது. பூகம்பம் வந்தால் தூக்கிக்கொண்டு ஓடக் கட்டிவைத்த பையில் கிடந்த, சி.டி.யும் பாடும் ரேடியோ பெட்டியில் அதைப் போட்டுத்தான் மிசாயோ தெருக்காரர்களின் பாட்டுப் போட்டிக்குத் தயாராகிறாள்.

இத்தனைக்கும் அந்த அறை அவளுடைய சாப்பாட்டு அறை. மேசையைக் கொட்டகைக்குத் தூக்கிப் போட்ட அன்றைக்கே அவள் ஒரு நிபந்தனை போட்டுவிட்டாள். வட்டத்தில் ஒருவரான, பாட்டு மெஷின்களைப் பற்றிப் பத்திரிகையில் எழுதுகிற நிஷிவாகி ஐயா வந்து கேட்கட்டும். அவர் வாயிலிருந்து ஒரு 'ஆகா' வராவிட்டால் மேசை திரும்பி வரும், கருங்கல் கொட்டகைக்குப் போகும். ரிட்டயரான பிறகு அந்த அறையை விட்டால் போக்கிடமில்லாதவர் குராமோச்சி. சத்தியம் செய்து கொடுத்திருந்தார்.

ஃப்ரிட்ஜ் நின்றும் உய்ங் நிற்கவில்லை.

அடுத்து, பக்கத்து வீட்டு தேஷிமா அம்மாவிடம் போய்க் குனிந்து நின்றார். "உங்க ஏ.சி. என் பாட்டைக் கெடுக்குது. கொஞ்ச நேரம் நிறுத்த முடியுமா?"

"அடடா, எங்க ஏ.சி.யால உங்களுக்கு எவ்வளவு சிரமம்," என்று அந்த அம்மா இன்னும் ஆழமாகக் குனிந்தாள். ஏ.சி.யை நிறுத்திவிட்டு ஜன்னலையெல்லாம் திறந்துவைத்தாள். புழுக்கம் தாங்காத அவளுடைய நாய், ஜன்னலில் தலையை நீட்டிக் குரைக்க ஆரம்பித்தது.

நாய்க்குப் பயந்து குராமோச்சி தன் ஜன்னல்களைச் சாத்தி, வீட்டிலிருந்த மெத்தைகளையெல்லாம் அதன்மேல் தொங்கவிட்டார். ஸ்பீக்கருக்குப் பின்னால், சமையலறைப் பக்கம் இருந்த, காகிதம் ஒட்டிய தள்ளு கதவுக்கு மட்டும் மெத்தை போதவில்லை. விருந்தாளிகள் வந்தபோது அறை குகை மாதிரி இருந்தது. ஐந்து பேரும் வியர்த்துக் கொட்ட வரிசையாக உட்கார்ந்தார்கள்.

"அறை நல்லா... அடக்கமா இருக்கு," என்றார் நிஷிவாகி, கழுத்தைத் துடைத்துக்கொண்டு.

"உய்ங்னு ஏதோ கேக்குதே?" என்றார் வட்டத்துக்காரர் ஹிருகாவா. போன மாதம் ஹிருகாவா வீட்டுப் பிளேயரைப் பற்றி 'பரவாயில்லை' என்று சொன்ன குராமோச்சியை அவர் இன்னும் மன்னிக்கவில்லை.

"ஒரே நிமிஷம்."

குராமோச்சி தடவிக்கொண்டே நடைக்குப் போய் மெயின் பெட்டியைத் திறந்தார். கம்பத்து லைன் தனி, அது எதற்கு இந்தப் பெட்டிக்குள் வரப்போகிறது என்ற தைரியத்தில், கையில் அகப்பட்ட சுவிட்சையெல்லாம் அணைத்துவிட்டார். உய்ங் சட்டென்று நின்றது.

"இப்ப கேளுங்க," என்று வந்து உட்கார்ந்து ரிமோட்டை அழுத்தினார். ஒன்றும் வரவில்லை. ஹிருகாவா செருமினார்.

"உசந்த மெஷின். தட்டை நிதானமாத்தான் படிக்கும்," என்றார் குராமோச்சி. ரிமோட்டை இன்னொரு தடவை அழுத்தினார்.

பியானோ ஆரம்பித்தது. பிறகு ஒரு பெண் குரல், மழையில் நனைகிற துறைமுகத்தைப் பற்றி மெதுவாகப் பாடியது.

ஐந்து பேரும் கண்ணை மூடினார்கள்.

கொஞ்ச நேரம் கழித்து ஹிருகாவாவே, பல்லைக் கடித்துக்கொண்டு, "என் வீட்ல இந்தம்மா ஸ்பீக்கருக்குள்ள நின்னு பாடும். இங்க அடுத்த ரூம்ல நின்னு பாடுற மாதிரி இருக்கு," என்றார்.

"அந்த ஆழம்தான் விஷயமே," என்றார் நிஷிவாகி. "உஷ். பின்னாடி டொக் டொக்னு ஒரு மர வாத்தியம் கேக்குதா? இருபது வருஷமா இந்தப் பாட்டைக் கேக்கறேன், இது என் காதுல விழுந்ததே இல்ல. பிளாஸ்டிக் தட்டு இதை முழுங்கியிருக்கு. ஆகா! சுத்தமான கரண்ட்னா இதுதான்யா."

குராமோச்சிக்குக் கண் கலங்கிவிட்டது. அறை தப்பித்தது. பத்திரிகையில் வரப்போகும் போட்டோவுக்கு எந்தச் சட்டை போடலாம் என்றுகூட யோசிக்கத் தொடங்கினார்.

"சாதாரணக் காதுக்கு இதெல்லாம் புரியாது ஐயா," என்றார் அடக்கமாக. "எங்க வீட்லயே பாருங்க, சொன்னா சிரிக்கறா."

அப்போது காகிதக் கதவு நகர்ந்தது. டார்ச்சும் கத்தியும் ஒரு கையில், பாடிக்கொண்டிருந்த ரேடியோ பெட்டி இன்னொரு கையில் என்று மிசாயோ நின்றாள். எல்லாருக்கும் சேர்த்து ஒரு தடவை குனிந்தாள்.

"மன்னிச்சுக்கோங்க, இருட்டுல சும்மா முள்ளங்கி நறுக்கப் போரடிச்சுதுன்னு பேட்டரியில இதைப் போட்டேன், மெயின் பெட்டியில நீங்க அணைச்ச கம்பத்து லைனை இப்பதான் போட்டுட்டு வர்றேன், இனிமே உங்க மெஷின் பாடும்."