பதவிக்கேற்ற அழுத்தம்

அலுவலகம் என்று ஒன்று இருந்தால் அதில் எல்லாமே படிப்படியாக இருக்க வேண்டும். ஆணையருக்குச் சுழல் நாற்காலி, கண்காணிப்பாளருக்குக் கை வைத்த நாற்காலி, எழுத்தருக்கு ஆடுகிற நாற்காலி. இந்த ஒழுங்கு மருத்துவ முகாம் நடந்த அன்றுதான் குலைந்தது. ஆணையருக்கு இரத்த அழுத்தம் நூற்று நாற்பது. பதிவறை எழுத்தருக்கோ நூற்று எண்பது!

ஆணையர் அவரை அறைக்குக் கூப்பிட்டார்.

“எனக்கே நூத்தி நாப்பதுதான்யா! உனக்கு அப்படி என்ன தலைபோற வேலை?”

“வேலையால இல்லைங்க ஐயா. சிறுநீரகம் பாதி கெட்டுப்போச்சு. உப்பைக் குறைக்கலைன்னா டயாலிசிஸ்தான்னு டாக்டர் சொல்லிட்டாரு. கேன்டீன்ல எனக்கு மட்டும் உப்பில்லாம...”

“சலுகை எல்லாம் கேக்காதே. முதல்ல மரியாதையா இறங்கு!”

மறுநாள் சுற்றறிக்கை வந்தது: ‘மேலதிகாரியின் அழுத்தத்தை மிஞ்சுதல் ஒழுங்கீனமாகக் கருதப்படும். அவரவர் பதவிக்கேற்ற அழுத்தத்தைப் பேணிவர வேண்டியது.’ மனைவி உப்பில்லாமல் கட்டிக்கொடுத்த சோற்றை எழுத்தர் கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினார். அழுத்தம் இறங்கியது. கால் வீக்கம் வடிந்து, பழைய செருப்பு மறுபடி காலில் நுழைந்தது. மனுஷனுக்குத் தலைகால் புரியவில்லை.

மற்றவர்கள் ஏறத் தொடங்கினார்கள். அழுத்தம் குறைந்தவன் பொறுப்பில்லாதவன் என்று பேச்சாகிவிட்டது. கேன்டீனில் பதவிவாரியாக உப்பு டப்பா வைத்தார்கள். ஆணையருக்கு மட்டும் மூடியில்லாத டப்பா. அழுத்தம் பார்க்கும் பட்டையைக் கையில் கட்டியபடியே கல்யாணத்துக்குப் போவதுதான் நாகரிகம் என்றானது. “மாப்பிள்ளைக்கு எவ்வளவு?” என்று பெண் வீட்டார் கேட்டால், அது சம்பளத்தைப் பற்றிய கேள்வி அல்ல.

இந்த வேகத்தில் துணை ஆணையர் மயங்கி விழுந்தார். ஆஸ்பத்திரிக்குப் போனவர் வேலைக்குத் திரும்பவில்லை. அவர் பதவிக்குத் தகுதி நூற்று அறுபது. நூற்றுத் தொண்ணூறில் கம்பீரமாக வீற்றிருந்த ஆணையர், எழுத்தரை மறுபடி கூப்பிட்டார்.

“யார் தயவும் இல்லாம நூத்தி எண்பது போட்ட ஆளுய்யா நீ! அந்த அனுபவம் இங்க எவனுக்கு இருக்கு? நூத்தி அறுபது காட்டு, நாற்காலி உனக்கு.”

ஆடாத நாற்காலி. எழுத்தருக்குச் சோறு இறங்கவில்லை, தூக்கம் பிடிக்கவில்லை. கடைசியில் மனைவிக்குத் தெரியாமல் கேன்டீனுக்குப் போய் உப்பு டப்பாவைத் தன் பக்கம் இழுத்தார்.

பதவி வந்தது, பின்னாலேயே கால் வீக்கமும் வந்தது. அழுத்தத்தைப் பார்த்த டாக்டர் கத்தினார்.

“உயிர் மேல ஆசை இருக்கா, இல்லையா? மிச்சம் இருக்கிற சிறுநீரகத்தையும் நீங்களே கெடுத்துக்கிறீங்க. அந்தப் பதவிய விட்டுட்டுப் பழைய இடத்துக்கே போங்க!”

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. பயமாகவும் இருந்தது, வெட்கமாகவும் இருந்தது. “நாளைக்கே எழுதிக் குடுத்துடறேன் டாக்டர்.”

“அதுதான் நல்லது.” டாக்டர் எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து, குரலைத் தாழ்த்தினார். “அப்போ அந்த இடம் காலியாகும், இல்ல? என் மச்சான் உங்க ஆபீஸ்லதான் இருக்கான். என்ன தின்னாலும் நூத்தி இருபதுலயே நிக்கிறான், பாவம். நீங்க எவ்வளவு உப்பு போட்டுக்கிட்டீங்க?”

முன்னாள் எழுத்தர் மடித்துவிட்டிருந்த சட்டைக் கையை இறக்கிப் பொத்தானைப் போட்டுக்கொண்டார்.

“அந்த இடம் காலியாகாது, டாக்டர்.”