செத்த குரு தேநீர் குடிக்கிறார்

செத்துப்போன குரு டிவியில் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்.

போன ஞாயிறு முதல் பாகத்தில் இதே குரு மூங்கில் காட்டில் விழுந்து செத்தபோது தம்புசாமி வீட்டு ஹாலே அழுதது. இன்று இரண்டாம் பாகம். பாயில் இருந்த அத்தனை பேரும் திரும்பிக் கன்னையாவைப் பார்த்தார்கள்.

கன்னையா கிள்ளான் பட்டணத்தில் ஒரு சீனத் தவுக்கே முதலாளியின் அரிசிக் கிடங்கில் மூட்டை தூக்குபவன். வாரம் முழுக்க அவனிடம் யாரும் பேச்சுக் கொடுப்பதில்லை. தூக்கு, இறக்கு, அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை மட்டும் தம்புசாமி வீட்டு வீடியோ பக்கத்தில் அவனுக்கு ஒரு நாற்காலி உண்டு. மற்றவர்களுக்குப் பாய். சண்டைப் படத்தில் பேசுவதும் சீனம், கீழே ஓடும் எழுத்தும் சீனம். அதைத் தமிழில் சொல்வது அவன் பொறுப்பு. தவுக்கேயிடம் வேலை செய்கிறவனுக்குச் சீனம் தெரியும் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். அவனும் இல்லை என்று சொல்லவில்லை. அவனுக்குத் தெரிந்த சீனம் தூக்கு, இறக்கு என்ற அந்த இரண்டு சொல்தான்.

"கன்னையா, செத்தவர் எப்பிடி வந்தவர்?" என்றார் கார்த்திகேசு. அரசாங்க ஆபீசில் எழுத்து வேலை பார்க்கும் கிராணி. ஆங்கிலப் பட டேப் எடுத்து வந்தால் தானே கதை சொல்லலாம் என்று வெகு நாளாக அந்த நாற்காலிக்குக் காத்திருப்பவர்.

"இவரு அவரில்லங்க ஐயா. தம்பி. ரெட்டப் புள்ள."

"போன கிழமை சொல்லேல்லையே?"

"போன வாரம் அவருக்கே தெரியாது லா."

அடுப்படி வாசலில் நின்ற அலமேலு சிரித்தாள். தம்புசாமியின் மனைவி. கடைக்குப் போய் டேப் எடுத்து வருவதும் எல்லோருக்கும் காப்பி கலக்குவதும் அவள்தான். சில இடங்களில் கன்னையா வாய் திறக்கும் முன்பே சிரித்துவிடுவாள். சிரிப்பு சீக்கிரம் வருகிற பிறவி என்று எல்லோரும் விட்டுவிட்டார்கள்.

அடுத்து கதாநாயகன் வந்தான். போன வாரம் ஒற்றைக் கண். இப்போது இரண்டும் பளிச்சென்று இருந்தன.

"கண்ணு எப்பண்ணே வந்துச்சு?" என்றாள் பக்கத்து வீட்டுத் தங்கமணி.

"மலையில ஒரு சாமியார் பச்சிலை வச்சுக் கட்டுனாரு. அதெல்லாம் காட்ட மாட்டான்."

"என்ன பச்சிலைண்ணே? எங்க வீட்டுக்காரருக்கும் கண்ணுல பூ விழுந்திருக்கு."

"அது சீனாவுல மட்டும்தான் மொளைக்கும்."

கதாநாயகன் குருவின் காலில் விழுந்தான். குரு அவனை முன்பின் தெரியாதவர்போல் பார்த்து, வெயிலில் நிற்க வைத்தார். நேராக நிற்கவே அவனுக்குத் தெரியவில்லை.

"போன கிழமை ஊரையே அடிச்சவன் இப்ப நிக்கப் பழகுறானோ?"

"தலையில அடி பட்டுருச்சுங்க ஐயா. கத்துக்கிட்டதெல்லாம் மறந்துபோச்சு."

"கண்ணுக்குப் பச்சிலை குடுத்த சாமியார் தலைக்குக் குடுக்கேல்லையோ?"

ஹால் முழுக்கச் சிரித்தது. இந்த வீட்டில் கன்னையாவைப் பார்த்து எல்லோரும் சேர்ந்து சிரித்தது இதுதான் முதல் தடவை. அவன் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டான்.

அப்போது கடைசிச் சண்டை வந்தது. கொட்டுகிற மழை. ஒரு நெல் கிடங்கு. உள்ளே கதாநாயகன் ஒற்றை ஆள்.

கன்னையாவுக்குக் கதை மறந்துபோனது.

"கதைய விடுங்க. காலப் பாருங்க," என்றான். "குதிகால ஊனி, இடுப்ப இறக்கி, மூச்ச அடக்கி, அப்புறந்தான் எழும்புறான். நான் மூட்டைக்கு அடியில போறதும் இப்படித்தான். கோவத்துல அடிக்கல பாருங்க. பாரத்த இறக்குற மாதிரி ஒவ்வொருத்தனா கீழ இறக்கி வைக்கிறான். படம் புடிச்சவனும் லேசுப்பட்டவன் இல்ல. கையத் தொரத்தி ஓடல, கால் எங்க நிக்குதுன்னே பாத்துக்கிட்டு இருக்கான். வேற எவனா இருந்தாலும் இந்த எடத்துல மேளத்தப் போட்டு அடிச்சிருப்பான். இவன் மழைய மட்டும் கேக்க விட்டுட்டான்."

கிராணிகூடக் கழுத்தை நீட்டிக் காலையே பார்த்தார்.

அந்த நேரம் பார்த்து வில்லன் கத்தியை வீசினான். கதாநாயகன் முகத்தைப் பொத்திக்கொண்டான். விரலிடுக்கில் ரத்தம்.

"ஐயோ, மறுபடியும் கண்ணா!" என்று அலறினாள் தங்கமணி. "அதே கண்ணாண்ணே?"

அதே கண்தான். படம் முடிந்தது.

கிராணி எழுந்து வந்தார். "கன்னையா, உமக்குச் சீனம் தெரியுமோ, தெரியாதோ? அதை மட்டும் சொல்லும்."

கன்னையா எழுந்து, குதிகாலை ஊன்றி, நாற்காலியைத் தோளில் தூக்கினான். வாரம் முழுக்கத் தூக்கியதைவிட அது கனத்தது. சுவரோரம் கொண்டுபோனான்.

"நாற்காலிய எடுத்த எடத்துலயே வைங்கண்ணே," என்றது அடுப்படி வாசலிலிருந்து ஒரு குரல். அலமேலு, கையில் காப்பித் தட்டோடு. "பத்து வருசம் சீனர் வீட்டுல புள்ள வளத்தவ நான், படத்துல பேசுறது ஒரு வார்த்தை விடாம புரியும். சண்டைய படம் புடிச்சவன் நல்லா எடுத்திருக்கான், கதைய நீங்கதாண்ணே நல்லா சொல்றீங்க. அதான் போன வாரம் ரெண்டாவது பாகத்தயும் இன்னிக்கு மொத பாகத்தயும் வேணும்னே மாத்தி எடுத்துட்டு வந்தேன், எப்படித் தப்பிக்கிறீங்கன்னு பாக்க!"