பெருக்கல் குறி காட்டிய வழி

வளைகுடாவில் இருபது வருடம் குப்பை கொட்டியவனுக்கு நடக்கத் தெரியாது. தெரியாது என்பதும் அவனுக்குத் தெரியாது. வாசலில் கார், கார் நின்ற இடத்தில் லிஃப்ட், லிஃப்ட் நின்ற இடத்தில் ஏசி. இதில் காலுக்கு என்ன வேலை? இந்த உண்மை எனக்குப் பிரான்சு நாட்டுக் காடு ஒன்றில், இடுப்பளவு தண்ணீரில் நின்றபோதுதான் விளங்கியது.

அப்போது நான் குவைத்தில், ஃபஹாஹீலில் ஒரு கம்பெனியில் ஸ்டோர் கீப்பர். (இப்போதும் அதேதான். முன்னேற்றம் எல்லாம் வயிற்றில்தான்.) வீடு மங்காஃபில். மகள் அபி பிரான்சில் மேல்படிப்பு படித்துக்கொண்டிருந்தாள். லீவில் நானும் என் மனைவி தேன்மொழியும் அவளைப் பார்க்கப் போவதாகத் திட்டம்.

"அப்பா, டவர் முன்னாடி நின்னு போட்டோ எடுக்கறதெல்லாம் போரிங்பா. ஹைக்கிங் போங்க. காடு, ஆறு, பழைய காலத்து மடம் எல்லாம் வழியிலயே வரும். பதினாலு கிலோமீட்டர்தான். முடியுமா?" என்றாள் போனில்.

"பதினாலா? டெய்லி மால்ல பத்து நடக்குறேன்மா."

இது பொய்யில்லை. வெயில் காலத்தில் எங்கள் ஊர்க்காரர்கள் பலருக்கும் மால்தான் நடைபாதை. கடைகள் திறக்குமுன் போய்ச் சுற்றிவிட்டு வருவோம். பளிங்குத் தரை, குளிர்காற்று, நடுவில் மூன்று டீ. மேடு வந்தால் எஸ்கலேட்டர்.

பிரான்சுக்காக அந்தப் பயிற்சியைத் தீவிரமாக்கினேன். முதுகுப் பையில் ஐந்து கிலோ பாஸ்மதி அரிசியை வைத்துக்கொண்டு நடந்தேன். மூன்றாம் நாள் செக்யூரிட்டி தடுத்து நிறுத்தினார்.

"பாய், யே க்யா ஹை?"

"சாவல்" என்று அரிசியைத் திறந்து காட்டினேன்.

"மால் மே சாவல் க்யூன்?"

"பிராக்டிஸ்" என்றேன். அவர் என்னோடு நடந்த தேன்மொழியை ஒரு முறை இரக்கத்தோடு பார்த்துவிட்டு வழிவிட்டார்.

நடக்க வேண்டிய நாளன்று அபிக்குப் பரீட்சை. காட்டின் முனை வரை பஸ்ஸில் வந்து இறக்கிவிட்டுச் சொன்னாள்: "மரத்துல வெள்ளையும் சிவப்புமா ரெண்டு கோடு இருக்கும். அதையே ஃபாலோ பண்ணுங்க. ரெண்டு மணிக்கு மடத்துல ஒரு கைடு வெயிட் பண்ணுவாரு. புக் பண்ணிட்டேன். அப்பா, ப்ளீஸ், சொந்தமா யோசிக்காதீங்க."

கோயில் மதில்போல வெள்ளையும் சிவப்புமாகக் கோடு போட்ட மரங்கள். பார்த்ததும் நம் ஊர்போல இருந்ததால் எனக்கு மிதப்பு வந்துவிட்டது. முதல் ஒரு மணி நேரம் சொர்க்கம். இலைமேல் ஒரு பொட்டுத் தூசி இல்லை. தேன்மொழி ஓர் இலையைக் கிள்ளி, விரலால் தேய்த்துப் பார்த்து, "நெசமாவே கழுவி வச்ச மாதிரில்ல இருக்கு!" என்றாள்.

பிறகு பாதை இரண்டாகப் பிரிந்தது. இடப்பக்க மரத்தில் இரண்டு கோடு. வலப்பக்க மரத்தில் அதே வெள்ளையும் சிவப்பும் பெருக்கல் குறியாக ஒன்றையொன்று வெட்டிக்கொண்டிருந்தன.

நான் வலப்பக்கம் திரும்பினேன்.

"என்னங்க, அபி கோடுன்னுதானே சொன்னா? இது பெருக்கலால்ல இருக்கு?"

"ஸ்டோர்ல சரக்கு சரிபாக்குறப்ப நான் பெட்டி மேல என்ன போடுவேன்? பெருக்கல். பாத்தாச்சு, சரின்னு அர்த்தம்."

"பள்ளிக்கூடத்துல தப்புக்குத்தானே அதப் போடுவாங்க?"

"அது பள்ளிக்கூடம். இது ஐரோப்பா" என்றேன்.

(அந்த ஊரில் அதற்கு 'இந்தப் பக்கம் போகாதே' என்று பொருளாம். பின்னால் தெரிந்தது. எல்லாமே எனக்குப் பின்னால்தான் தெரியும்.)

அரை மணியில் பாதை தேய்ந்து ஓர் ஆற்றங்கரையில் முடிந்தது. ஆற்றின் குறுக்கே ஏழெட்டுக் கற்கள் தலைநீட்டிக்கொண்டிருந்தன. தேன்மொழி செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஆடுபோலத் தாவிப் போய்விட்டாள். நான் நாலாவது கல்லில் நின்று, "பாத்துப் போ, வழுக்கும்" என்று எச்சரித்தேன். எச்சரித்து முடிக்கும்போது நான் ஆற்றுக்குள் இருந்தேன்.

பையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்ததால் அது மட்டும் நனையவில்லை. அதற்குள் ராத்திரி விடுதியில் கட்டிக்கொள்ள வைத்திருந்த வெள்ளை வேட்டியும், மடத்துக்குப் போகிறோமே என்று எடுத்துவந்த முழுக்கை வெள்ளைச் சட்டையும் இருந்தன. மாற்றிக்கொண்டேன். தலை துவட்டத் துண்டு இல்லை. மணல்காற்றுக்காக ஃபஹாஹீலில் வாங்கிய சிவப்புக் கட்டம் போட்ட அரபுத் தலைத்துணிதான் இருந்தது. துவட்டி, அப்படியே தலையில் போட்டுக்கொண்டேன். வெயிலுக்குத் தேன்மொழியும் துப்பட்டாவால் முக்காடு போட்டுக்கொண்டாள். இருவரும் சேர்ந்து எப்படி இருந்தோம் என்று காட்டுக்குள் யார் சொல்வார்கள்?

காடு முடிந்த இடத்தில் ஒரு பெரிய இரும்புக் கதவு. அதற்கு அப்பால் கோபுரம் வைத்த கல் கட்டடம். "பாத்தியா, மடம்!" என்றேன். மணி சரியாக இரண்டு. வாசலில் கோட் போட்ட ஒருவர் கையில் ஃபைலோடு கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். எங்களைக் கண்டதும் ஓடிவந்தார்.

"ஃப்ரம் குவைத்?"

"யெஸ், யெஸ். குவைத்!"

இடுப்பு வளையக் குனிந்து என் கையைக் குலுக்கினார். காரைத் தேடினார். நடந்தே வந்தோம் என்று ஆங்கிலத்தில் சொன்னேன். "காடு முழுக்கவா?" என்று வியந்தார். "நடந்து பார்த்தால்தானே இடத்தைப் பற்றித் தெரியும்" என்றேன். அதன் பிறகு அவர் என்னை 'சார்' என்றே கூப்பிட்டார். இப்படி ஒரு கைடை அமர்த்திய மகளை நினைத்துப் பெருமைப்பட்டேன்.

உள்ளே ரப்பர் பூட்ஸ் அணிந்த, தலை நரைத்த ஓர் அம்மாள் நின்றிருந்தார். மடத்துத் தலைவி போலிருக்கிறது என்று கைகூப்பிக் கும்பிட்டேன். பதிலுக்கு அவரும் திணறிக் கும்பிட்டார்.

சரித்திரம் கேட்கத் தயாராக இருந்த என்னைக் கைடு நேராகக் கூரைக்கு ஏற்றினார். ஓடு மாற்றியதைக் காட்டினார். அப்புறம் பாய்லர். அப்புறம் கழிவுநீர்த் தொட்டி! வெள்ளைக்காரன் சரித்திரத்தை அடியிலிருந்து சொல்கிறான் என்று நினைத்துக்கொண்டேன். பன்னிரண்டு படுக்கையறை என்றார். 'பன்னிரண்டு சாமியார்கள்' என்று மனதில் குறித்துக்கொண்டேன்.

இருபது வருடம் பைப்போடும் வால்வோடும் வாழ்ந்தவனுக்குக் கை சும்மா இருக்குமா? தட்டினேன், திருகினேன், முகர்ந்தேன். "இந்த வால்வு லீக். பைப் எல்லாம் பழசு. மொத்தமாக மாற்ற வேண்டும்" என்றேன். கைடின் முகம் வாடியது. ஃபைலில் குறித்துக்கொண்டார். என் கருத்தைக்கூட எழுதிக்கொள்கிறாரே என்று எனக்கு உற்சாகம். அடுத்த அறையில் இன்னும் நாலு குறை சொன்னேன்.

கடைசியில் அந்த அம்மாள் ஜன்னலைத் திறந்து, நாங்கள் வந்த காட்டைக் காட்டிப் பிரெஞ்சில் ஏதோ கேட்டார். குரல் நடுங்கியது. கைடு ஆங்கிலத்தில் சொன்னார்: "மரங்களை வெட்டுவீர்களா என்று கேட்கிறார்."

பழம்பெரும் இடத்தில் மரம் வெட்டலாமா! "நோ, நோ! ஓர் இலையைக்கூடத் தொடமாட்டோம்" என்றேன். (ஓர் இலையை ஏற்கெனவே தேன்மொழி கிள்ளியிருந்தாள். அதை மறைத்துவிட்டேன்.)

அம்மாளின் கண்ணில் நீர். தேன்மொழியைக் கட்டிக்கொண்டு இரு கன்னத்திலும் முத்தமிட்டார்.

தேன்மொழி அவர் தோளுக்கு மேலாக என்னைப் பார்த்துக் கிசுகிசுத்தாள். "என்னங்க, டிக்கெட்டு வாங்குனவங்களையெல்லாமா இப்புடிக் கட்டிப்புடிப்பாங்க?"

"கலாச்சாரம். பேசாம இரு."

கைடு ஒரு காகிதம் நீட்டினார். வருகையாளர் கருத்துப் படிவம்! பெயர், மங்காஃப் முகவரி, கையெழுத்து போட்டு, கீழே 'வெரி குட், கீப் இட் அப்' என்றும் எழுதினேன். அம்மாள் எங்களை மேசையில் உட்காரவைத்தார். ரொட்டியும் பாலாடைக்கட்டியும் வந்தன. தேன்மொழி புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்தாள். அம்மாள் இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

அப்போதுதான் வாசலில் ஒரு பெரிய கார் வந்து நின்றது. அரைக்கால் சட்டையும் பனியனும் போட்ட ஓர் ஆள் இறங்கி, "சாரி, லேட்டாகிவிட்டது. நான்தான் குவைத்திலிருந்து வீடு வாங்க வந்தவன்" என்றார் ஆங்கிலத்தில். அசல் குவைத்துக்காரர்.

அதே நொடியில் என் போன் அடித்தது. "அப்பா, எங்க இருக்கீங்க? மடத்து கைடு நீங்க வரவே இல்லன்னு போன் பண்றாரு!"

"நாங்க மடத்துலதாம்மா..." என்று ஆரம்பித்து, பாய்லரையும் பன்னிரண்டு படுக்கையறையையும் நினைத்து, அப்படியே நிறுத்தினேன். 

அசல் குவைத்துக்காரர் என்னைத் தலைத்துணியிலிருந்து வேட்டி வரை பார்த்தார். "இந்தி?" என்றார், இந்தியனா என்ற பொருளில்.

"யெஸ் சார். மங்காஃப் சார். ஹைக்கிங் சார்."

"வல்லா!" என்று தொடையில் தட்டிச் சிரித்தார். சிரித்து முடித்து, "ஹவுஸ் குட்?" என்று கேட்டார். கைடு இல்லை, அவர் வீட்டுத் தரகர் என்றும், நான் கையெழுத்துப் போட்டது வீடு பார்க்க வந்தவர்களுக்கான படிவம் என்றும் இப்போது எனக்குத் தெரிந்துவிட்டது. தரகர் என்னைப் பார்த்த பார்வையில் அவர் பிள்ளைகுட்டி எல்லாம் தெரிந்தன. இருந்தாலும் ஸ்டோர் கீப்பர் வாயில் பொய் வராது.

"ஹவுஸ் குட். பைப் மாஃபி குட்" என்றேன். (மாஃபி என்றால் அரபியில் இல்லை.)

குவைத்துக்காரர் உள்ளே போய்ப் பத்து நிமிடத்தில் திரும்பினார். காட்டை எடுத்துவிட்டு டென்னிஸ் மைதானம் போடலாமா என்று கேட்டார். அதைத் தரகர் மொழிபெயர்த்ததும் அம்மாள் முடியாது என்று தலையை ஆட்டினார். பிறகு விரலை நீட்டி என்னைக் காட்டினார்.

"இவருக்குத்தான் விற்பாராம்" என்றார் தரகர், செத்த குரலில்.

நான் கையெடுத்துக் கும்பிட்டு, நான் வெறும் ஸ்டோர் கீப்பர் என்றேன். அதைத் தரகர் எப்படிப் பிரெஞ்சில் சொன்னாரோ, அம்மாள் கடைகள் பல வைத்திருக்கும் பெரிய முதலாளி என்று புரிந்துகொண்டார். என்மேல் அவருக்கு நம்பிக்கை இன்னும் கூடியது. குவைத்துக்காரர் "கலாஸ்! ஃபினிஷ்!" என்று சிரித்துக்கொண்டே காரில் ஏறினார். அம்மாளின் உத்தரவுப்படி தரகரே எங்களை அபியிடம் கொண்டுபோய் விட்டார். ஒரு மணி நேரப் பயணம். ஆற்றில் விழுந்த பலனாக வழி முழுக்க நான் தும்மிக்கொண்டே வந்தேன்.

ஆண்டுதோறும் மங்காஃபுக்கு அந்த அம்மாளிடமிருந்து ஒரு வாழ்த்து அட்டை வருகிறது. அபி படித்துச் சொல்வாள்: 'மரங்கள் நலம். வீட்டை வேறு யாருக்கும் கொடுக்கவில்லை. எப்போது வருகிறீர்கள்?' வீட்டு வாடகை ஏறும்போதெல்லாம் தேன்மொழி, "பேசாம நம்ம அரமனைக்கே போயிருவோமா?" என்பாள்.

அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. போன மாதம் அபிக்கு ஒரு வரன் வந்தது. "சொந்த வீடு ஏதாச்சும் இருக்கா?" என்று மாப்பிள்ளையின் அப்பா போனில் விசாரித்தார். பக்கத்தில் இருந்த என் மச்சினன் சும்மா இராமல், "பிரான்சுல ஒரு அரமனை பேச்சுல இருக்கு" என்று சொல்லிவிட்டுச் சிரித்தான்.

அந்தப் பக்கம் யாரும் சிரிக்கவில்லை. மாப்பிள்ளையின் அப்பா பணிவான குரலில் கேட்டார்: "சம்பந்தி, பட்டா யார் பேர்ல இருக்கு?"